சத்தம் போடாத பெட்டி

“ஃபேன் சத்தம் துளிகூடக் கேக்கக் கூடாதுங்க,” என்றார் வந்தவர், மூன்றாவது முறையாக.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. “சின்னப் பெட்டி சார், சூடு வெளியே போக வேண்டாமா? பெரிய ஃபேனா போட்டா மெதுவாச் சுத்தும். பவர் சப்ளையை ஃபேனே இல்லாததா தர்றேன். ஆனா யானை விலை, குதிரை விலை!”

“பரவாயில்லைங்க. வீட்ல இருக்கிறது போடுற இரைச்சல்ல பாப்பா மூச்சு விடுறதே கேக்கல.”

“ஓ, பாப்பா தூங்குற ரூமா? அப்பாவுக்குப் பொண்ணுன்னா உயிராச்சே!”

வந்தவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பாகங்களை எல்லாம் பொருத்தி முடித்து இயக்கியபோது, விளக்கு எரிந்ததால்தான் பெட்டி ஓடுவதே தெரிந்தது.

“இப்பக் கேட்டுப் பாக்கலாமா?” அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார்.

“அப்பா, தூக்கம் வருதுப்பா...” ஒரு குழந்தையின் குரல். பிறகு ஒன்றுமில்லை.

முடிந்துவிட்டதென்று நினைத்து, அதை நிறுத்தக் கடைக்காரர் கையை நீட்டினார். வந்தவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்தாதீங்க. ஆஸ்பத்திரியில கடைசியாப் பதிஞ்சது. இன்னும் நாலு மூச்சு இருக்கு.”

கடைக்காரர் ஓசைப்படாமல் எழுந்து, தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த கடையின் மின்விசிறியை நிறுத்தினார்.