திறப்பு விழாப் பூ

ஏரி மதகுக்குக் கீழே, கால்வாய்க் கரையில், ஒரு நண்டு இன்னும் நடை பழகாத ஏழு குஞ்சுகளோடு வளையில் குடியிருந்தது. மூன்று நாள் அடைமழையில் ஏரி விளிம்புவரை தளும்பியது.

நண்டு மதகுக் கதவிடம் ஓடிப்போய்க் கத்தியது: "இப்பவே கொஞ்சம் கொஞ்சமா விட்டுத் தொலையேன்! மொத்தமா விட்டா நாங்க எங்கே போவோம்?"

"பெரிய மனுஷங்க வந்து பூ தூவினாத்தான் திறப்பேன். அதான் வழக்கம். நாளைக்குத்தான் நல்ல நேரமாம்," என்றது கதவு. "அதுசரி, ஏரிக்குக் கீழே உன்னை யாரு வளை தோண்டச் சொன்னது?"

மறுநாள் மேளம் கொட்டியது, பூ விழுந்தது, கதவு ஒரேயடியாக மேலே ஏறியது. வெள்ளம் கரையை வாரிச் சுருட்டிக்கொண்டு போனது.

வேரைக் கவ்விப் பிழைத்த நண்டு, தண்ணீர் வடிந்ததும் தேடிப் பார்த்தது. வளையும் இல்லை, குஞ்சுகளும் இல்லை. அந்த இடத்தில் ஒரு சாமந்திப் பூ ஒதுங்கிக் கிடந்தது.

"எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான் என்னைத் தூவினாங்க," என்றது பூ.

நண்டு அதைக் கொடுக்கில் கவ்வி இழுத்துப்போய்க் கதவின் முன்னால் வீசியது.

"செத்தது ஏழு பேரு. வந்தது ஒரே பூ. மீதி ஆறையும் வாங்கிக் கொடு!"