அசராத மனிதர்

பதினோரு மணி ஆகியும் ஹாஜிரா கணவருக்கு மாத்திரையைத் தரவில்லை.

மறதி இல்லை. வேண்டுமென்றேதான்.

மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். பார்க்கின்சன்ஸ் (நடுக்குவாதம்) விழிப்புணர்வு நாள். நோயாளிகள் மூன்று பேரை மேடையேற்றுவார்கள். யார் நிலைமை ரொம்ப மோசமோ, அவருக்கு ஒரு வருஷத்து மாத்திரை இலவசம்.

"நல்லா கீற மாதிரி போய் நின்னா எவன்யா குடுப்பான்?" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். ரேஷன் கார்டு விசாரணைக்கு ஆள் வந்த அன்று மிக்சியைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்தவள் அவள்.

கணவர் ஹபீபுர் ரஹ்மான் மறுக்கவில்லை. வேளச்சேரியில் எழும்பிய அடுக்குமாடிகளுக்கு முப்பது வருஷம் கம்பி கட்டியவர். மாத்திரை போட்டால் நடப்பார். போடாவிட்டால் படுக்கையில் புரளக்கூட ஹாஜிராதான் தள்ள வேண்டும். வீட்டில் இன்னும் மூன்று நாளைக்குத்தான் மாத்திரை இருந்தது.

முதலில் ஒரு அம்மாள் வந்து நன்றாகவே பேசிவிட்டுப் போனார்.

அடுத்தது நல்லசிவம். தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போட்டவர். கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தார்கள். நடுக்கத்தில் பாதி சட்டையில் கொட்டியது. கூட்டம் உச்சுக் கொட்டியது.

மூன்றாவதாக ரஹ்மானை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றி, மைக் முன்னால் நிறுத்திவிட்டு விலகினார்கள்.

நின்றார்.

அவருக்கு நடுக்கம் கிடையாது. அவருக்கு வந்தது விறைப்பு.

கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் ஒன்றுமே இல்லை. கண் இமைக்கவில்லை. தலை கொஞ்சம் குனிந்திருந்தது, பணிவு மாதிரி.

"மாத்திரை வேணும்" என்றார். சத்தம் உதட்டைத் தாண்டவில்லை.

விழாவை நடத்திய ஜெயஸ்ரீ அரை நிமிஷம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு மைக்கை எடுத்தாள்.

"பாருங்க! ஒரு புகார் இல்ல, முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. நம்ம பாய் நோயை ஜெயிச்சுட்டார்!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஹாஜிராவும் தட்டினாள். பக்கத்தில் இருந்த பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்; தட்டாமல் இருக்க முடியாது.

பாய்க்குச் சால்வை. நல்லசிவத்துக்கு மாத்திரை. வாங்கும்போது நல்லசிவம் அழுதார். அவருக்கும் தேவைதான்.

"பாய், இறங்கலாம்" என்றாள் ஜெயஸ்ரீ.

கால் வரவில்லை.

"மைக்கை விட்டு இறங்க மனசே வரலையே பாய்க்கு!"

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்புதான், கேலி இல்லை.

ஹாஜிரா மேடைக்கு ஓடினாள். வீட்டில் கால் இப்படி ஒட்டிக்கொண்டால் அவர் பாதத்துக்கு முன்னால் தன் பாதத்தைக் குறுக்கே வைப்பாள். அதைத் தாண்டுகிற சாக்கில் கால் கிளம்பிவிடும். புடவையைத் தூக்கிப் பிடித்துப் பாதத்தை வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார் போட்டோக்காரர். "அடுத்த வருஷ பேனருக்கு. பாய் தனியா நிக்கட்டும்."

இவரால் அசைய முடியவில்லை என்று ஹாஜிராவுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். இலவச மாத்திரைக்காக மாத்திரையை நிறுத்திக் கூட்டி வந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லணும்.

தள்ளிக்கொண்டாள்.

துளிகூட அசையாத ஆள் என்பதால் படம் முதல் தடவையிலேயே சுத்தமாக வந்தது.