மாப்பிள்ளைக்கு ஒரு கொய்யாக்கொப்பு

“இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ! தம்பிஐயா வேலியைப் பிடுங்கிறார்!”

மனைவி தர்சினி போட்ட சத்தத்தில் குகதாசன் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

வட்டுக்கோட்டையில் ஒருவரை எழுப்ப இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும் வேலி தப்பியதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பிஐயாவோடு எல்லைத் துண்டுக்காக நடந்த வழக்கு போன வருடம்தான் முடிந்தது. தீர்ப்பு அவர் பக்கம். காணித் துண்டோடு அதில் நின்ற கொய்யா மரமும் அவருக்குப் போயிற்று. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

“வெண்டது காணாதாமோ? மிச்சக் காணியும் வேணுமாமோ?” குகதாசன் பல்லைக் கடித்தான்.

“நான் நினைச்சனான்” என்றாள் தர்சினி. “முந்தநாள் எங்கடை ஆரணி வேலியிலை ஏறி நிண்டு கொய்யாக்கொப்பு முறிச்சவள். அந்தாள் கண்டிட்டுது. ஒரு சொல்லுப் பேசேல்லை. வேலியையே மேலும் கீழும் பாத்துக்கொண்டு நிண்டது. அப்பவே கணக்குப் போட்டிருக்குது.”

மகள் ஆரணி கொப்பு முறித்ததற்குக் காரணம் மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்பது அவள் வளர்க்கும் முயல்.

போன கிழமை மாப்பிள்ளை சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ஆரணியும் நிறுத்திவிட்டாள். மிருக வைத்தியர் முயலின் வாயைத் திறந்து பார்த்தார்.

“முயலின்ரை பல்லு வளந்துகொண்டே இருக்கும் தங்கச்சி. கடிச்சுக் கடிச்சுத் தேய்க்கவேணும். இல்லாட்டி வாய் மூடேலாமல் பட்டினியிலை செத்துப்போம். நல்ல காய்ஞ்ச புல்லும் கடிக்கத் தடியும் எப்பவும் கூட்டுக்கை கிடக்கவேணும்.”

வளர்ந்த பல்லை வெட்டிவிட்டு அனுப்பினார். ஆரணி வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

குகதாசன் யாழ்ப்பாணத்தில் உள்ள செல்லப்பிராணிக் கடைக்குப் போனான். புல்லும் தடியும் பளபளக்கும் பைக்கற்றுகளில் இருந்தன. மேலே எலிக்கும் அணிலுக்கும் பிறந்ததுபோல ஒரு பிராணியின் படம்.

“உது சிஞ்சில்லா அண்ணை. வெளிநாட்டிலை அதுக்கெண்டு செய்யிறது. முயலும் தின்னும். தடி அப்பிள் மரம்” என்றான் கடைக்காரன்.

விலையையும் சொன்னான். அதை வாங்கினால் வீட்டில் எல்லோரும் புல்தான் தின்னவேண்டும் என்று குகதாசனுக்கு விளங்கியது.

புல்லுக்கு வழி பிறந்தது. மாடு வளர்க்கும் கிறகோரியிடம் மலிவாக அறுகம்புல் வாங்கி, நிழலில் உலர்த்தினான். பச்சை மாறாமல், கையில் எடுத்தால் வாசம் வீசுகிற மாதிரிக் காய்ந்தது.

தடிதான் சிக்கலாகிவிட்டது.

“கொய்யாக்கொப்புக் காணும். ஆனால் மருந்தடிச்ச மரம் வேண்டாம்” என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஊரில் கொய்யாவுக்கா பஞ்சம்? ஆனால் எல்லாம் தோட்டக்கரையில் நின்றன. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அடிக்கிற மருந்து அவற்றுக்கும் படும். மருந்து படாமல் கிட்டடியில் நின்றது, வழக்கில் பறிபோன அந்த மரம் ஒன்றுதான்.

“ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்” என்றாள் தர்சினி.

“வழக்கிலை தோத்தவன் கொப்புக்குக் கையேந்திறதோ? செத்தாலும் கேக்கமாட்டன்.”

சாகப்போவது முயல், தானல்ல என்பது ரோசத்தில் அவனுக்கு மறந்துவிட்டது. ஆரணிக்கு மறக்கவில்லை. அதுதான் வேலியில் ஏறினாள்.

“போனை எடும். வீடியோ எடும், சாட்சிக்கு!” என்று தர்சினியிடம் சொல்லிக்கொண்டே இப்போது குகதாசன் வளவின் கோடிக்கு ஓடினான். மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரணியும் பின்னால் ஓடினாள்.

பழைய வேலி அரைவாசி கழன்று கிடந்தது. தம்பிஐயா வெறும் மேலோடு, தலைப்பாக் கட்டிக்கொண்டு, அலவாங்கால் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

“ஆரைக் கேட்டு வேலியை எங்கடை பக்கம் அரக்கிறியள்?”

“என்ரை வேலி. ஆரைக் கேக்கவேணும்?” தம்பிஐயா நிமிரவே இல்லை.

“ஒரு விரக்கடை எங்கடை பக்கம் வந்தாலும் திரும்ப வழக்குப் போடுவன், சொல்லிப்போட்டன்!”

“போடு. முதல் கயிறு எங்கை பிடிச்சிருக்கெண்டு பாத்திட்டுப் போய்ப் போடு.”

புது வேலிக்கு எல்லை காட்டும் கயிற்றைக் குகதாசன் தன் காணிக்குள் தேடினான். அங்கே காணவில்லை. பழைய வேலி நின்ற இடத்திலும் காணவில்லை.

“இஞ்சேருங்கோ…” வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தர்சினியின் கை இறங்கியது. “அங்காலை பாருங்கோ.”

கயிறு கொய்யா மரத்துக்கு அப்பால், தம்பிஐயாவின் காணிக்குள்ளே ஓடியது. குழியும் அங்கேதான். கொய்யா மரம் முழுதாக இந்தப் பக்கம் நின்றது.

ஆரணி அதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டாள். கைக்கெட்டப் பதிவாக நின்ற ஒரு கொப்பை முறித்து நீட்டினாள். மாப்பிள்ளை மணந்து பார்த்துவிட்டுக் கறுக் கறுக்கென்று கடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தர்சினிக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குகதாசனுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அண்ணை… உது நீங்கள் இவ்வளவு காலம் வழக்காடி வெண்ட துண்டெல்லோ?”

தம்பிஐயா அலவாங்கை ஊன்றிவிட்டு முதன்முறையாக நிமிர்ந்தார்.

“ஓம், வெண்டதுதான். உன்ரை பிள்ளை வேலியிலை ஏறி விழுந்து கையைக் காலை முறிச்சால், அந்தத் துண்டை வைச்சு நான் என்னடாப்பா செய்யிறது?”