லூ ஹெனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

பன்னிரண்டாம் மாதம் ஏழாம் நாள், வெண்நாரை மலையில் சீடர்களுக்கான தேர்வு தொடங்கியது. மூன்று நாள் எழாமல், அடியில் பனி உருகாமல் உட்கார வேண்டும். லூ ஹெனுக்குக் கோபம் வந்தால் உடம்பு அடுப்பாய்க் கொதிக்கும். அதுதான் அவனுடைய சக்தி. இந்த முறையும் தவறினால் மலையைவிட்டு இறங்க வேண்டும். குளிரில் நடுங்கிய பதினொரு பேர் அவனைச் சுற்றிச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, போன வருஷம் ஒரு நாளாவது தாங்குனீங்களா?" என்றான் ஒருவன், உள்ளங்கைகளை அவன் பக்கம் நீட்டியபடி.

"எங்க தாங்குனாரு? கஞ்சி ஆறுறதுக்குள்ள எந்திரிச்சுட்டாரு."

எதற்குச் சீண்டுகிறார்கள் என்று லூ ஹெனுக்குத் தெரியும். கோபப்படக் கூடாது என்று பல்லைக் கடித்தான். அது முடியாத எரிச்சலில் இன்னும் சூடேறியது.

"கொஞ்சம் குறையுதுடா," என்றான் பின்னாலிருந்தவன். "அவங்கப்பாவைப் பத்திப் பேசு."

மூன்றாம் நாள் மாலை பதினொரு பேரும் தேறினார்கள். லூ ஹெனின் அடியில் மட்டும் தரை தெரிந்தது. அவன் மலையைவிட்டு இறங்கினான்.