பிடிக்கக் கூடாத ஆட்டுக்குட்டி

"விலகுங்க வாத்தியாரே! விடிஞ்சா ஈஸ்டர். ஊர்ல எல்லா அடுப்பும் மூட்டியாச்சு!"

கத்தியும் கையுமாக நின்றான் கசாப்புக்காரன் சரந்திஸ். ரிட்டயர்டு வாத்தியார் யோர்தானிஸ் கோயில் வாசலை மறித்தபடி அசையவில்லை. உள்ளே, மாதா படத்தின் பீடத்தில் கட்டியிருந்தது சரந்திஸின் ஆட்டுக்குட்டி.

கூட்டம் கூடிவிட்டது. சரந்திஸின் மனைவி மிர்சினிக்கு மானம் போயிற்று. லெஸ்போஸ் தீவிலேயே கை நடுங்காத கசாப்புக்காரனை ஒரு கிழவர் தடுப்பதா?

"எங்க ஆட்டைத் திருடிக் கட்டிட்டு நியாயம் வேறயா?"

"திருடலைம்மா. அது அசிலோ, அதான் அடைக்கலம், கேட்டு வந்திருக்கு."

"ஆடு கேட்டுச்சாம்! நாப்பது நாள் நோன்புல வாத்தியாருக்கு மூளை காஞ்சிடுச்சு!" என்றது ஒரு குரல். சிரிப்பு.

வாத்தியாருக்குச் சிரிப்பெல்லாம் காதில் விழாது. "'அ'ன்னா கூடாது. 'சிலாவோ'ன்னா பறிச்சிட்டுப் போறது. சந்நிதியைத் தொட்டவனை ராஜாவே பறிக்கக் கூடாது. அகதிங்களுக்குப் புகலிடம்னு இன்னைக்குச் சட்டம் சொல்லுதே, அதுவும் இதே சொல்தான்."

"சட்டம் மனுஷனுக்கு. இது அடுப்புக்கு!" என்றாள் மிர்சினி.

"கேளுங்க. அந்தக் காலத்துல ஏதென்ஸ்ல கோயில்ல தஞ்சம் புகுந்த ஒரு கூட்டம், காவல் விடக் கூடாதுன்னு தேவி சிலையில கயிறு கட்டி, அதைப் பிடிச்சுக்கிட்டே வெளியே வந்துச்சு. வழியில கயிறு அறுந்துச்சு. காவல் போச்சுன்னு வெட்டிட்டாங்க. வெட்டினவன் வம்சத்துக்கே சாபம். பேரப் பிள்ளைங்களைக்கூட விடலை."

மிர்சினி சட்டென்று அடங்கினாள். மகள் மாசமாக இருக்கிறாள்.

"வாங்க, போயிடலாம்."

"என்னடி பேசற? ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கிறவங்க வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்கட்டும். கறியைப் பக்கத்து ஊர்ல வாங்கிக்கலாம்."

சரந்திஸ் உறுமிக்கொண்டே கத்தியை உறையில் செருகினான். வாத்தியாரைக் காட்டி நெற்றியில் தட்டிக்கொண்டே கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் புருஷனைக் காணோம். ரோஷம் தாங்காமல் திரும்பப் போய் வெட்டிவிட்டானோ? மிர்சினி பதறிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

சரந்திஸின் மடியில் ஆட்டுக்குட்டி. வாயில் பால்புட்டி.

"தாயில்லாத உனக்குப் புட்டிப்பால் கொடுத்த கைடா இது. எப்படி வெட்டும்?" என்று மூக்கை உறிஞ்சியவன் நிமிர்ந்தான். "நான் கேட்டுக்கிட்டபடியே செஞ்சீங்க, வாத்தியாரே. ஆனா ஊரே உங்களைப் பைத்தியம்ங்குதே!"

"அது எனக்குப் பழகின பட்டம்ப்பா. கசாப்புக்காரன் ஆட்டுக்கு அழுதான்னு தெரிஞ்சா, நீ பிழைக்க முடியுமா?"