வலது முன்னங்கால்

ஊத்தங்கரையிலிருந்து ஜட்கா குதிரை வாங்க வந்திருந்த முனிவேல், அதன் இடது முன்னங்கால் முட்டியைத் தடவினார். கை சட்டென்று நின்றது.

“உள்ளே பட்டாணி மாதிரி ஒரு எலும்பு தட்டுதே! அடிபட்டு ஒடைஞ்சதா?”

“அதெல்லாம் இல்லீங்க!” குதிரையை விற்க நின்ற கௌஸ் அவசரமாகச் சொன்னான். இதை விற்றால்தான் அம்மா அவன் வேலை பார்க்கும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு அவனோடு வருவாள்.

“அந்தக் காலையும் பாத்துடறேன்.”

வலப்பக்கம் குதிரையை ஒட்டி நின்ற அம்மா ஃபகருன்னிசா நகரவில்லை. “இந்தப் பக்கம் வராதீங்க. கடிச்சிரும்.”

“கடிக்கிற குதிரைகிட்டயா இப்படி ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க?” முனிவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒரு காலே இப்படி. இன்னொண்ண மறைக்க வேற செய்யறீங்க. எனக்கு வேணாம்பா.”

அவர் தெருமுனை தாண்டியதும் கௌஸ் வெடித்தான். “அந்தக் கால் இதைவிட மோசமாம்மா?”

“தடவிப் பாரு.” அவள் விலகினாள்.

தடவினான். அதே இடத்தில் அதே பட்டாணி.

“பொறந்ததுல இருந்தே ரெண்டு கால்லயும் இருக்குது. ஒரு நாள் நொண்டினதில்ல.”

“இதைக் காட்டியிருந்தா, அடிபட்டது இல்லன்னு அவருக்குப் புரிஞ்சிருக்குமே!”

“புரிஞ்சிருக்கும். புடிச்சுக்கிட்டுப் போயிருப்பாரு.”

அவள் கொள்ளுப் பையை எடுத்துக் குதிரையின் வாயில் மாட்டினாள்.