தீவுச் சோலைபாடி

அன்று காலையும் காட்டோரம் தீவுச் சோலைபாடிக் குருவி கூவக் கேட்டு, அந்தோணிராசு வகைப்பாட்டு அலுவலகம் தந்த கருவியிடம் "இருக்கு" என்று சொன்னார். குருவி இருப்பதைக் கேட்டுச் சொல்லத் தீவில் பதிவு பெற்ற காது அவருடையது ஒன்றுதான். மதியம் மாரடைப்பில் போய்விட்டார். முப்பது நாள் யாரும் "இருக்கு" என்று சொல்லாததால், அலுவலக வரைபடத்தில் தீவின் பச்சைப் புள்ளி அணைந்தது.

மனைவி மரியபுஷ்பம் வகைப்பாட்டு அலுவலகத்தை அழைத்தாள்.

"கேக்க ஆள் இல்லன்னா பறவையும் இல்லம்மா. காட்டைத் துறைமுகம் கட்டக் குடுத்தாச்சு."

"செத்தது எங்க வீட்டுக்காரர் சார். குருவி கத்துதே, போன்ல கேக்கலையா?"

"கேக்குது. தீவு இனம்தான் அழிஞ்சிருச்சே, அதனால இது பெருநிலத்துச் சோலைபாடின்னு கருவி காட்டுது. அதுக்கு எங்கயும் பஞ்சமில்ல."

"இருபது வருஷமா அவர் கேட்டது?"

"அதையும் பெருநிலத்துதுன்னு மாத்திட்டோம்மா."

போனை வைத்தாள். வாசலில் தீவுச் சோலைபாடி, கூடு கட்டக் கால்மிதியிலிருந்து நார் பிரித்துக்கொண்டிருந்தது.